நெய்தல், நாற்பத்திரண்டு பிரதி

சம்பங்கி சார் நீட்டும் பென் டிரைவுக்கு
மூடி எப்போதும் இருக்காது.
சட்டைப் பையின் சாக்பீஸ் தூளோடு வரும்.
ஊதிவிட்டுச் செருகுவேன்.

பாகலூர் அரசுப் பள்ளிக்கு எதிரே
ஒரு மெஷின், ஒரு லேமினேஷன் பெட்டி, நான்.

முதல் பக்கத்தின் தலையிலேயே இருக்கும்:
'வகுப்பறைக்கு இலவசம். விற்பனைக்கு அல்ல.'
எந்த ஊர் ஆசிரியரோ ராத்திரி கண்விழித்துத் தட்டி
எல்லோருக்குமாய் அவிழ்த்துவிட்டது.
நான் பக்கத்துக்கு ஒரு ரூபாய் வாங்குகிறேன்.
பாட்டுக்கு இல்லை சார், மைக்கு,
என்றேன் ஒருநாள்,
அவர் எதுவும் கேட்காமலேயே.

சூடாக வெளிவரும் தாளைத்
தலைகீழாகப் படிக்கப் பழகிவிட்டது.
குறிஞ்சி நாற்பத்திரண்டு. முல்லை நாற்பத்திரண்டு.
மருதத்தன்று டோனர் தீர்ந்து
தலைவன் பாதி வரியில் வெளுத்துப் போனான்.
கெட்டுப்போன தாள்கள் கல்லாவுக்கு அடியில்.
பத்தாவதில் தமிழுக்கு நாற்பத்தொன்று வாங்கியவள்தான்;
இப்போது பஜ்ஜிக் கடைக்காரர் கேட்டாலும்
அவற்றைக் கொடுப்பதில்லை.

நெய்தலில் ஒரு கடல் படம்.
கலர் பத்து ரூபாய் என்றேன்.
கருப்பு வெள்ளையே போதும்மா.
கடல் சாம்பலாய் வந்தது,
சிமெண்ட் பூசி ஈரம் காயாத தரை மாதிரி.
கீழே: நெய்தலின் கருப்பொருள் நான்கு எழுதுக.
விடைக்குறிப்பு மட்டும் தனியே ஒரு பிரதி.
டாக்டர் சீட்டுப் போல மடித்து வைத்துக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து நாகவேணி வந்தாள்,
திருத்தி வந்த தாளைக் காப்பி எடுக்க,
காய்ச்சலில் படுத்திருக்கும் பெஞ்சுத் தோழிக்காக.
வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம்,
பரீட்சைக்குத் தமிழ்.
எழுத்துகள் புளியங்கொட்டை மாதிரி தனித்தனியாய்.

நீர்: கெலவரப்பள்ளி அணையில் திறந்துவிட்டது.
பூ: நுரை.
பறவை: கொக்கு. நுரையில் நின்றால் தெரியாது.
தொழில்: மூக்கைப் பொத்திக்கொண்டு
கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பது.
கேட்காத ஐந்தாவதும் இருந்தது:
அம்மாவுக்கு ரெண்டாவது ஷிப்ட். நுரை ரோட்டை மூடினால்
பஸ் சுற்றிக்கொண்டு வரும்.
அதுவரை பாலத்து முனையில் நிற்பேன்.

சிவப்பு மையில் நான்கு பெருக்கல் குறி.
அந்தக் குறிகளின் மேலேயே பிறகு ஒரு கோடு.
மார்க் போடவில்லை.
ஓரத்தில் மட்டும், 'இருத்தலா, இரங்கலா?'
கேள்விக்குறி தாளின் மறுபுறம் புடைக்கும்படி.

கண்ணாடி மேல் கவிழ்த்து மூடியை அழுத்தினேன்.
பச்சை வெளிச்சம் ஒருமுறை போய்வந்தது.
காசு வேண்டாம் என்றேன்.
ஏன்க்கா?
பேப்பர் மடங்கிருச்சு.
மடங்கவில்லை. எனக்கும் ஒன்று எடுத்திருந்தேன்.

இந்த வாரம் கொண்டுவந்ததும் நெய்தல்தான்.
படம் மட்டும் வேறு:
போனில் பிடித்த தென்பெண்ணை,
ஓரத்தில் அவருடைய கட்டைவிரல்.
'உங்கள் ஊரில் யார், எங்கே நின்று,
யாருக்காகக் காத்திருக்கிறார்கள்?
அது முல்லையா, நெய்தலா?'
விடைக்குறிப்பு எங்கே சார் என்றேன்.
இதுக்கு இல்லைம்மா.

அடியில் பொடி எழுத்தில்:
பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, பாகலூர்.
யாரும் எடுத்துக்கொள்ளலாம். விற்கக் கூடாது.
நேற்றே பொதுவில் போட்டுவிட்டாராம்.
ராமநாதபுரத்தில் ஒரு டீச்சர் இறக்கிக்கொண்டாராம்,
ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் பள்ளியாம்.
நுரை என்றால் அங்கே என்ன எழுதுவார்கள் என்று
இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

இருபத்தேழாவது தாளில் கரண்ட் போனது.
ஆறு பாதி வெளியே, பாதி மெஷினுக்குள்.
எதிரே மணி அடித்துவிட்டார்கள்.
இழுத்தால் கிழிஞ்சிரும் சார், என்றேன்.
அவர் பேனா மூடியைக் கடித்தபடி,
நான் ஸ்விட்ச் மேல் விரலோடு,
நின்றோம்.