இரண்டு புள்ளி பூஜ்யம் மூன்று

காற்றுமானி என் பொறுப்பு.
முதல் ஓடுபாதைக்கு இரண்டு மீட்டருக்குள்
ஐம்பதாவது மீட்டரில் ஒரு முக்காலி,
அதன்மேல் அந்தக் குழாய்.
துப்பாக்கி வெடித்ததிலிருந்து பதின்மூன்று விநாடி
உள்ளே புகும் காற்றை அது எண்ணும்.
எல்லோரும் ஓடுகிறவளைப் பார்ப்பார்கள்.
நான் பார்க்கக் கூடாது.

பார்த்தேன்.

கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்குத் தடை என்றால்
இந்தப் பக்கம் இரண்டு ஹாலோபிளாக், அந்தப் பக்கம் இரண்டு,
குறுக்கே கருக்குச் சீவாத பனைமட்டை.
இடித்தால் விழும். விழுமுன் அறுக்கும்.
நான் பயத்தில் உயரத் தாவினேன்.
அமலோற்பவம் தாவவே இல்லை,
ஓட்டத்தின் நடுவே ஓரடியைக் கொஞ்சம் நீட்டி வைத்தாள்,
அவ்வளவுதான்.
அவள் இடது முழங்காலின் உட்புறம் ஏழு தழும்பு.
என் காலில் ஒன்றுகூட இல்லை.
அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மார்கழி பிறந்தால் கணவாய் வழியே வரட்டுக் காற்று.
வேலந்தாவளம் செக்போஸ்டில்
வரிசை நிற்கும் லாரிகளின் தார்ப்பாயைப் பிய்த்துவிட்டு
யாருக்கும் ரசீது காட்டாமல் உள்ளே வரும்.
அதற்கு முதுகைக் கொடுத்து ஓடுவோம்.
திரும்பி நடக்கையில் வாயெல்லாம் மண்.

மாவட்டப் போட்டியில் மலையாள அறிவிப்பாளர்
அவள் பெயரை மூன்றாக உடைத்து
கடைசித் துண்டைப் 'பாவம்' என்று நீட்டினார்,
ஐயோ பாவம் என்கிற பாவம்.
மைதானம் சிரித்தது.
பாவம் முதலாவதாக வந்தாள்.
அடுத்த வருடமும், அதற்குப் பிறகு ஐந்து வருடமும்.
சிரிப்பு நின்றுவிட்டது.
பெயர் ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் தடையில் நான் விழுந்து எழாத வருடம்
நடுவர் தேர்வு எழுதினேன்.

தை மாதம், பாலக்காடு, மாநிலப் போட்டி.
காலையிலிருந்தே கொடிகள் மேற்கே இழுத்துக்கொண்டிருந்தன.
எட்டு எட்டில் முதல் தடை.
பிறகு மூன்று எட்டு, தடை. மூன்று எட்டு, தடை.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் என்னைக் கடந்தாள்.
ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது,
அவளுடையதா காற்றினுடையதா, சொல்லத் தெரியவில்லை.

13.61.
அந்த மாநிலத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் ஓடாத நேரம்.
என் திரையில் 2.03.

இரண்டு வரை செல்லும்.
அதற்குமேல் நூலிழை என்றாலும்
அடுத்த தசமத்துக்கு ஏற்றித்தான் எழுத வேண்டும்.
2.1 என்று எழுதினேன்.
விதி அது. யார் எழுதினாலும் அதுதான்.
கை நடுங்காமல் எழுதினேன் என்பதுதான்
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

தங்கம் அவளுக்கு. சாதனை யாருக்குமில்லை.
தாளை வாங்கிப் பார்த்தாள், பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு
"நம்மூர்க் காத்துடீ" என்றாள்.

அப்புறம் ராஞ்சியில் எதிர்க்காற்று, போபாலில் மழை,
நான்கு தேசியத் தங்கம்.
13.66. 13.64. ஒருமுறை 13.62.
அந்தத் தாள்களையும் நான் தேடித் தேடிப் பார்த்தேன்.
பட்டியாலாவில் எட்டாம் தடைக்கு முன்
இடது குதிகால் நரம்பு அறுந்தது.
மிச்சம் இரண்டையும் கையால் தள்ளிச் சாய்த்துவிட்டு
நொண்டிக்கொண்டே போய்க் கோட்டைத் தாண்டினாள்.
தகுதிநீக்கம் என்று எழுதினார்கள்.
அதுவும் விதி.

போன வெள்ளிக்கிழமை பொள்ளாச்சி வண்டியில்
கறுப்புக் கோட்டோடு வந்தாள், டிக்கெட் கேட்டு.
கொடுத்தேன். பார்த்தாள். பேனாவால் கிழித்தாள்.
முதலமடை தாண்டியிருக்கும்,
ஜன்னல் வழியே அதே காற்று.

"நெசத்துல எவ்வளவுடீ இருந்துச்சு?"

"ரெண்டு புள்ளி பூஜ்யம் மூணு."

"மூணா" என்றாள்.
என் டிக்கெட் இன்னும் அவள் விரலிடுக்கில் இருந்தது.
நான் கேட்கவில்லை. பிறகு அவளே தந்தாள்.

நடைவழியை அடைத்து யாரோ போட்ட தேங்காய் மூட்டை.
முன்பெல்லாம் அவளுக்கு வலது கால்தான் முன்னால் போகும்.
சீட்டைப் பிடித்துக்கொண்டு
இடது காலை முதலில் தூக்கி வைத்து
அந்தப் பக்கம் போனாள்.