மீட்டல்

சனிக்கிழமை அட்டனில் பரீட்சை.
பிள்ளைக்காம்பராவில் பதினொரு தொட்டில்.
ஏழில் தூக்கம், மூன்றில் சிணுங்கல்,
ஒன்றில் என் கொப்பி.

இடது காலால் ஆட்டிக்கொண்டே
பென்சிலால் கோடிடுகிறேன்:
சாரா மாறி. சார்ந்த மாறி.
இரண்டையும் குழப்ப வரும் மூன்றாவது மாறி.
மழைக்கும் அட்டைக்கும் இணைபு உண்டு,
அட்டை மழையைக் கூட்டி வருவதில்லை.
இது புத்தகத்தில் இல்லை, நான் வைத்தது.
புள்ளி கிடைக்குமா தெரியாது.

முதல் பாடம் நாய்.
மணி அடிக்கும், இறைச்சி வரும்.
பிறகு மணி மட்டும் அடிக்கும், எச்சில் ஒழுகும்.
விரிவுரையாளர் சூமில் மூன்று தடவை சொன்னார்,
தண்ணீர்த் தாங்கி மேட்டில் குடையோடு நின்று
மூன்றையும் பாதி பாதியாகக் கேட்டேன்.

எனக்கு நாய் தேவையில்லை.
பன்னிரண்டுக்கு ஸ்டோரில் சங்கு ஊதும்.
ஒன்பதாம் நம்பர் மலையில்
கூடையோடு நிற்கிறவர்களின் சட்டை
அந்த நொடியே முன்பக்கம் நனையும்.
பிள்ளை அரை மைல் கீழே,
இன்னும் அழக்கூட இல்லை.
படங்கை நெஞ்சு வரைக்கும் இழுத்துக்கொண்டு
கங்காணிக்கு முதுகு காட்டி இறங்குவார்கள்.
இதற்குப் பெயர் நிபந்தனைத் தூண்டற்பேறு.
எழுதிப் பார்த்தேன். பிழையில்லை.
எச்சில் என்ற இடத்தில் பால் என்று போட
பென்சில்தான் கொஞ்சம் நின்றது.

அடுத்தது மீளவலியுறுத்தல்.
எலி நெம்பை அழுத்தும், உருண்டை விழும்.
பதினெட்டுக் கிலோவுக்கு முழுப்பேர்,
பதினேழரைக்கு அரைப்பேர்.
ஆனால் எலியின் உருண்டையில் யாரும்
ஈரத்துக்கு என்று ஒரு கிலோ
சாக்குக்கு என்று ஒரு கிலோ கழிப்பதில்லை.
உதாரணத்தை வெட்டிவிட்டேன்.

அங்கி போட்ட ஒருவர் 'தொடருங்கள்' என்றதற்காக
அடுத்த அறைக்காரருக்குக் கடைசி வரை
ஷாக் கொடுத்தவர்கள் நாற்பதில் இருபத்தாறு பேர்.
நிறுத்தியவர்களின் எண்ணிக்கையை மட்டும்
மனப்பாடம் செய்தேன்.
பதினாலு.

ஆய்வு முறைகள்: சுய அறிக்கை.
நன்மை, செலவு குறைவு.
தீமை, பதிலளிப்போர் உண்மையை மறைக்கலாம்.
கோகிலவாணி தை மாதம்
குவைத்துக்குப் படிவம் நிரப்பினாள்.
கடைசிப் பிள்ளையின் வயது: ஐந்து.
பேனா என்னுடையது.
அவன் மூன்றாம் தொட்டிலில் கிடந்தான்,
பல் முளைத்திருக்கவில்லை.

விதுசாந்த். இப்போது பதினொரு மாதம்.
பக்கம் அறுபத்திரண்டு, பொருள் நிலைத்தன்மை:
பந்தைத் துணியால் மூடினால்
எட்டு மாதம் கடந்த பிள்ளை
துணியை விலக்கித் தேடும்.
இங்கே பந்து இல்லை, என் போன் இருக்கிறது.
வெள்ளிக்கிழமை அதில் அம்மா சிரிப்பாள்,
சிக்னல் விட்டால் அப்படியே உறைவாள்,
பிறகு கறுப்பு.
அவன் போனைப் புரட்டிப் பின்பக்கம் பார்க்கிறான்.
வெடித்த கவர், பாதி உரிந்த பிள்ளையார் ஸ்டிக்கர்.
திரும்பவும் புரட்டுகிறான்.
நேரம் குறித்தேன்: நாலு நிமிடம்.
மாதிரியின் அளவு ஒன்று.
பொதுமைப்படுத்த முடியாது.

கடைசியாக, அணைதல்.
மணி அடித்தும் இறைச்சி வராவிட்டால்
நாளடைவில் எச்சில் நிற்கும்.

போன வெள்ளி அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:
இங்க சங்கு கிங்கு ஒன்னுமில்ல அக்கா,
காலையில ஒன்பதரைக்கு
ஏனம் கழுவுறப்ப தானா நனையுது.
கோல் முடிந்த பிறகு விரல் மடித்துப் பார்த்தேன்.
அங்கே ஒன்பதரை என்றால்
மஸ்கெலியாவில் பன்னிரண்டு.
போய் நாலு மாதம்.

அணைய எத்தனை நாள் என்று
கொப்பியின் கடைசித் தாள் வரை தேடினேன்.
வளைகோடு ஒன்று இருக்கிறது, சறுக்கி இறங்குகிறது,
அச்சில் அலகு போடவில்லை.

சங்கு.
படியில் ஈரச் செருப்புச் சத்தம்,
ஒன்பது பேர்.
சனிக்கிழமை நாயைத்தான் எழுதுவேன்.
இப்போது மூன்றாம் தொட்டிலுக்குப்
பால்மா கரைக்கணும்.