கிடை முதலில்

மாற்றலாகி வந்த மூன்றாம் வாரம்.
சிலோயேத் தீவில் மழைக்கு விடுமுறை கிடையாது.
விறகடுப்பின் மேல் கட்டிய கம்பியில்
பதினொரு ஜோடிக் கம்பளிக் காலுறைகள்
ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

ஐந்தாம் வகுப்பு. கட்டத்தாள். ஆளுக்கொரு பென்சில்.
ஆதிப்புள்ளியில் ஓர் உருளைக்கிழங்கு வரைந்தாள் ஓத்திலியா.
"அங்கே ஒண்ணுமே இல்லையே டீச்சர்."
விட்டுவிட்டேன்.

கரும்பலகையில் ஏழு ஜோடி எண்கள்.
"அடைப்புக்குறிக்குள் முன்னால் இருப்பது கிடை,
காற்புள்ளி தாண்டினால் நிலை.
முதலில் கிட, பிறகு எழு."
சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்கள்,
வாய்ப்பாடு போல, எங்கோ பார்த்தபடி.

(3, 2), (8, 2): அடிமரம்.
(10, 5), (1, 5): மேல்விளிம்பு.
(5, 5) பாய்மரம் ஊன்றிய இடம்.
(5, 11) அதன் நுனி.
(9, 6) பாயின் மூலை.
இணைத்தால் படகு வரும்.
வந்தது, பத்துத் தாள்களில்;
ஒன்றிரண்டு கொஞ்சம் ஓட்டையாக.

எலெயாசர் நவெல்கின் தாளில்
அடிமரம் இடப்பக்கம் சுவர்போல் நிற்க
பாய்மரம் வலப்பக்கம் நீட்டிப் படுத்திருந்தது.
மூன்று நடக்க வேண்டியவன் மூன்று ஏறியிருக்கிறான்,
இரண்டு ஏற வேண்டியவன் இரண்டு நடந்திருக்கிறான்,
ஒன்று விடாமல், கைபிசகாமல், ஏழிலும்.
சிவப்புப் பேனா ஆறு முறை பெருக்கல் குறி போட்டது.
(5, 5) மட்டும் தப்பியது.
அங்கே மட்டும் நாங்கள் இருவரும்
ஒரே இடத்தில் நின்றிருந்தோம்.

"படகு இப்படியா இருக்கும், எலெயாசர்?"

வாய் திறக்கவில்லை.
ஜன்னலைப் பார்த்தான்.

நான் கலாமாக்காரி, பாலைவனத்தில் பிறந்தவள்;
கடல் என்றால் வைத்த இடத்தில் இருக்கும் என்றிருந்தவள்.
காலையில் இருந்தது. இப்போது
அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தது.
சேற்றில் ஏழெட்டுப் படகுகள்
விலா சாய்ந்து, பாய்மரம் நீட்டி,
கிடையாய்க் கிடந்தன.
அந்த மஞ்சள் படகு அவன் அப்பாவுடையதாம்,
ஓத்திலியாதான் சொன்னாள்.
ஒரு நாய் அதன் அடிவயிற்றை
முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

விதி விதிதான்.
அடுத்த மாதம் சாந்தியாகோவிலிருந்து வரும் வினாத்தாளுக்கு
ஓதம் தெரியாது, வற்றம் தெரியாது.
அவன் பெஞ்சில் இடுக்கி உட்கார்ந்து
என் விரலால் எட்டு கட்டம் நடந்து காட்டினேன்,
பிறகு இரண்டு ஏறினேன்.
"புரியுது," என்றான். "இது ஓதத்துக்கு."

ஏழுக்கு ஒன்று என்று போட்டேன்.
போட்ட பிறகும் பேனா தாளைவிட்டு எழவில்லை.
பக்கத்தில், பொடி எழுத்தில்,
பகல் பன்னிரண்டே கால், வற்றம்
என்று எழுதினேன்.

அதற்கு எத்தனை மார்க் என்று
ஓத்திலியா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.