பாசி சுரண்டும் சனிக்கிழமை

வாரத்தில் ஐந்து நாள் பியாலிஸ்தோக்கில்
அடுத்தவர் பல்லில் காரை எடுப்பவள் நான்.
சனிக்கிழமை அதே கருவிகளோடு
ஊசியிலைக் காட்டு மையவாடிக்கு வருகிறேன்.

நாற்பத்தொரு கல். நேராக நிற்பது ஒன்றுமில்லை.
முப்பத்தாறில் பைருஷெவிச் என்ற வம்சப்பெயர்.
மிச்சம் ஐந்தும் வெறும் பாறை.
எங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தவர்கள்
அவர்கள்தாம் என்பார்கள்.

முதல்வன் தெமிர்ச்சே.
புல்வெளிப் போரில் தோற்ற பக்கத்திலிருந்து
முப்பது குதிரையோடு வந்தவன்.
லிதுவேனியப் பெருங்கோமகனுக்கு வில்லாளி வேண்டும்,
இவன் குதிரைகளுக்குப் புல் வேண்டும்.
"சேணமும் ஈட்டியும் உள்ளவரை நிலம் உனது"
என்று தோலில் எழுதிக் கொடுத்தார்கள்.
தோலை எலி தின்றது.
வாக்கியம் பிள்ளைக்குப் பிள்ளை மனப்பாடமாக வந்தது,
தலைமுறைக்குப் பத்துக் குதிரை கூடி.

பேரன் காலத்திலேயே பேச்சு போய்விட்டது.
போர்க்களத்தில் இல்லை, தொட்டிலில்.
பக்கத்து ஊர்ப் பெண்களை மணந்தார்கள்,
அவர்கள் தங்கள் மொழியில் தாலாட்டினார்கள்.
தொழுகை அரபியில், கனவு பெலாரஸ் மொழியில்,
தாத்தார் மொழி குதிரையை அதட்ட மட்டும்.
பிறகு குதிரைக்கும் அது புரியாமல் போனது.

ஸெலிம்ஷா வைத்திருந்த கிதாபில்
எழுத்து அரபு, பேச்சு பெலாரஸ்.
தலைவலிக்கு ஒரு துஆ. பாம்புக்கடிக்கு ஒன்று.
கடன்காரன் வழி தவறிப் போக ஒன்று.
'இது பலிக்கவில்லை' என்று ஓரத்தில்
வேறொரு கையெழுத்து.

கோமான்கள்தாம், சந்தேகமில்லை.
வாள் உண்டு, குலச்சின்னம் உண்டு,
சபையில் கையுயர்த்த மட்டும் உரிமையில்லை.
வைக்கோல் நிலம் ஒன்றுக்காக
மடத்துத் துறவிகளோடு அறுபத்திரண்டு வருட வழக்கு.
வென்றோம்.
தீர்ப்பு வந்த வசந்தத்தில்
ஆறு புரண்டு படுத்தது,
நிலத்தின் மேலேயே.

வெள்ளிச்சரிகைக் கச்சை
இரண்டு மூட்டை மாவானது எந்தப் போரில் என்பதில்
இரண்டு கருத்து உண்டு.
பியானோவை ஜன்னல் வழியே இறக்கியவர்கள்
எந்தப் படை என்பதில் மூன்று.
எல்லைக்கோடு வந்தபோது
வீடு அந்தப் பக்கம் போயிற்று,
கபர்கள் இந்தப் பக்கம் நின்றன.

இன்று வேலை அஸ்ஸானின் கல்லில்.
ஒதுக்குப்புறமாய்ப் புதைக்கப்பட்டவன்,
ஜாருடைய குதிரைப்படையில் கேப்டன்.
கலகத்தின்போது தம்பி யாகூப் கலகக்காரர்களோடு காட்டில்.
பிடித்துவர அண்ணனையே அனுப்பினார்கள்.
அஸ்ஸான் மூன்று நாள் தப்பான சதுப்பில் தேடி
'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொடுத்தான்.
பதவி போனது.
யாகூப் தொண்ணூறு வயதில்
முலாம்பழம் தின்றுகொண்டிருக்கும்போது செத்தான்.

அன்றுமுதல் எங்கள் வீட்டுப் பெருநாள்களில்
ஆட்டிறைச்சியோடு இந்த வழக்கும் பரிமாறப்படும்:
தம்பியைக் காப்பாற்றிய அண்ணனா,
வரைபடம் படிக்கத் தெரியாத துரோகியா?
ருஸ்தெம் மாமா மேசையில் குத்துவார்.
பெலிஸ்யா அத்தை எழுந்து போவாள்,
பலகாரம் வந்ததும் திரும்புவாள்.

மண்மட்டத்துக்குக் கீழே பாசி தடித்திருந்தது.
வளைந்த கொக்கியை விட்டு நெம்பினேன்.
ஒரு வரி. அரபு எழுத்து.
எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும்;
வாய்விட்டுச் சொன்னபின்
காதுக்குப் புரிந்தது பெலாரஸ் மொழி:
'அந்தச் சதுப்பை நான்
கண்ணை மூடிக்கொண்டு கடப்பேன்.'

கொஞ்ச நேரம் முழங்காலிலேயே இருந்தேன்.
மரங்கொத்தி ஒன்று தட்டியது, நிறுத்தியது.
போனை எடுத்தேன். ருஸ்தெம் மாமாவின் எண்.
அழுத்தவில்லை.

என் தொழிலில் ஒன்று பார்த்திருக்கிறேன்:
சில பற்களைப் பிடித்து நிறுத்தியிருப்பதே காரைதான்.
எடுத்தால் கையோடு வந்துவிடும்.

மண்ணைத் தள்ளி வரியை மூடினேன்,
மேலே ஈரப்பாசி ஒரு பிடி.
பெயர் மட்டும் பளிச்சென்று தெரிகிறது.
பெருநாளுக்கு இன்னும் பதினேழு நாள்.
இறைச்சிக்கு இப்போதே சொல்லிவைக்க வேண்டும்.