தையல் பிரித்த கம்பளி

கம்பளியின் மூலையில் ரிசார்ட்டின் பேர்
பச்சை நூலில், கூடவே ஒரு இலை.
அதைப் பிரிக்காமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று
முதல் வருஷமே தெரிந்துகொண்டோம்.
போர்த்திப் படுத்திருந்தவரை
திருட்டுச் சாமான் என்று விடியுமுன்னே
ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள்.
சாயங்காலம் ஆளை விட்டார்கள்.
கம்பளியை விடவில்லை.

அதனால் டிசம்பர் பிறந்தால்
லாண்டரி ஷிப்ட் முடிந்து
சவரபிளேடோடு உட்காருகிறேன்.
கறை போகாதது, ஓரம் பொசுங்கியது,
விருந்தாளிக்கு ஆகாதென்று கழித்துப்போட்டது
இந்தத் தடவை பதினொன்று.
நூலை முழுக்க எடுத்த பிறகும்
ஊசித் துளைகள் நிற்கின்றன வரிசையாக.
விரலால் தடவினால் பேரைப் படித்துவிடலாம்.

மைனஸ் ஒன்று என்று போனில் செய்தி வந்ததும்
கொச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும்
மூணாறுக்குக் கார்கள் ஏறுகின்றன,
புல்லின் மேல் வெள்ளையைப் பார்க்க.
கொழுந்தைக் கருக்கிவிட்டுப் போகும் வெள்ளை.
குழந்தைகள் அதைச் சுரண்டி
உள்ளங்கையில் வைத்துக் கத்துகிறார்கள்.
அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

பத்தரைக்குக் கிளம்புவோம்.
ஜீப் தங்கப்பாண்டியுடையது, டீசல் மூன்று பங்கு.
ஷைனி சிஸ்டர் மலையாளத்தில் விசாரிப்பாள்,
நான் தமிழில்.
ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்து
மேஸ்திரியோடு சண்டையாகி வெளியே நிற்கிறவர்களுக்கு
தங்கப்பாண்டியின் மூன்று இந்தி வார்த்தைகள்:
தண்டா, சாய், அச்சா.
அச்சாவுக்குள் எல்லாமே அடங்கும் என்பான்.

பேக்கரியின் பின்சுவர்
ராத்திரி இரண்டு மணிவரை சூடு தாங்கும்.
அடுப்புக்கு நேரான இரண்டு முழத்துக்கு
எப்போதும் போட்டி.
கடைசிக் கட்டன்சாயாவை ஊற்றும்போது
எண்ணிப் பார்த்தால் பதினாலு பேர்.
மூன்று பேருக்குச் சாக்கும்
தங்கப்பாண்டியின் ஜீப் படுதாவும்.

சுவரின் சூடில்லாத பக்கம்
முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்தார் அவர்.
நோட்டில் எழுதப் பேர் கேட்டேன்.
"அறுநூத்திப் பதினேழு."
பி.பி.யா என்று பதறினாள் ஷைனி.
எனக்குத் தெரியும் அது என்னவென்று.
முப்பத்தேழு வருஷம் காலை மஸ்டரில்
அவரைக் கூப்பிட்ட செக்ரோல் நம்பர்.

லயத்துச் சாவியை ஒப்படைத்தால்தான்
கிராஜுவிட்டி கைக்கு வரும்.
ஒப்படைத்தார்.
பணம் மகனிடம், மகன் திருப்பூரில்.
திருப்பூரில்தான் என்று
இரண்டு தடவை சொன்னார், நாங்கள் கேட்காமலே.

எங்கள் அம்மாவின் நம்பர் எண்ணூற்று நாற்பத்திரண்டு.
மார்ச்சில் ரிட்டயர்.
நான் படுத்துத் தூங்குவதும்
அந்த நம்பருக்குக் கொடுத்த வீட்டில்தான்.

கம்பளியை வாங்கி விரித்தார்,
மூக்கருகே கொண்டுபோனார்,
மூலையைக் கட்டைவிரலால் தடவி
துளைகளில் நின்றார்.
நான் வேறெங்கோ பார்த்தேன்.

"எத்தனை மாசம் பிடிப்பீங்க?"

பிடித்தம் இல்லை, சும்மாதான் என்றேன்.
சும்மா என்ற வார்த்தையை
அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது.
எஸ்டேட் கம்பளி ஒவ்வொன்றும்
சம்பளத்தில் கடித்துக் கடித்துத்தானே வந்தது.
ஷைனி மலையாளத்தில் சொல்லிப் பார்த்தாள்.
தங்கப்பாண்டி தூரத்தில் நின்று
அச்சா, அச்சா என்றான்.

கம்பளியைச் சதுரமாக மடித்து
மடியில் வைத்துக்கொண்டார்,
போர்த்தவில்லை.
வாயிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.
எங்களுக்கு இன்னும் பழைய மூணாறு போக வேண்டும்.

"ரெண்டு மாசம்னு எழுதிக்கோ தாயி.
மார்ச்சோட அடைஞ்சிரும்."

எழுதினேன்.
பிறகுதான் போர்த்திக்கொண்டார்.