அடி அடுக்கு

விண்ணப்பத்தில் கேள்விகள் எளியவை.
இருபத்தொரு வயது முடிந்ததா.
முடிந்து இருபத்தெட்டு வருஷம்.
புத்தி சுவாதீனம் உண்டா.
உண்டென்று டாக்டர் எழுதிக் கொடுத்தார், முந்நூறு ரூபாய்.
அமைதி காக்கப் பிணை எழுதிக் கொடுத்ததுண்டா.
மாமியாரிடம் மட்டும், வாய்மொழியாக.
அதை எழுதவில்லை.

துப்பாக்கியை எங்கே பத்திரமாக வைப்பீர்கள்.
சூளையில் எனக்கு ஒன்றரை அறை.
பீரோ என்று எழுதினேன்.
போன தீபாவளியிலிருந்து அதன் பூட்டு
பாவனைக்குத்தான் இருக்கிறது.

கடைசியில் ஒரு கேள்வி, பதிலுக்கு இரண்டு வரி இடம்:
தேவை என்ன?

பதினோரு வருஷம் யாரிடமும் சொல்லாததை
தனித்தாள் வைத்து எழுதினேன்.
மிண்ட் தெருவிலிருந்து முத்திரை குத்தப் போகும் நகை,
குத்தித் திரும்பும் நகை,
நடைக்கு அரைக் கிலோ, முகூர்த்த மாதமென்றால் முக்கால்.
ஸ்கூட்டர் கொக்கியில் நாலடுக்கு கேரியர்.
மேலே ரசம், அதன் கீழ் சோறு, அதன் கீழ் கருவாட்டுத் தொக்கு,
அடி அடுக்கில் லூனியா சேட்டின் வளையல்கள்,
சத்தம் வராமலிருக்க இட்லித் துணி சுற்றி.
ஒருமுறை யானைகவுனியில் வண்டியை மடக்கிய ஏட்டு
மூக்கைச் சுளித்துக்கொண்டு போகச் சொன்னார்.
எந்த வழி, எத்தனை மணி, எவ்வளவு எடை,
எல்லாம் எழுதி மூன்று நகல் வைத்து
வேப்பேரியில் கொடுத்தேன்.

விசாரிக்க வந்த காவலர் நல்ல பையன்.
இஸ்திரிக்காரரிடம் கேட்டான், பூக்காரியிடம் கேட்டான்,
கீழ் போர்ஷனில் கதவைத் தட்டிக் கேட்டான்:
இந்தம்மா தங்கம் எடுத்துட்டுப் போறது தெரியுமா?
தெரியாது என்றார்கள்.
அன்று விளக்கு வைப்பதற்குள்
தெருவுக்கே தெரிந்திருந்தது.

"மனுதாரருக்கு இதுநாள்வரை
அச்சுறுத்தல் ஏதும் நேர்ந்ததாகத் தெரியவரவில்லை.
எனவே மனு நிராகரிக்கப்படுகிறது."

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்.
பொங்கல் விடுமுறையையும் சேர்த்து எண்ணுகிறது சட்டம்.
பாரிமுனையில் தட்டச்சு செய்யும் எட்வின்,
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்,
காரணத்தைப் பலமா சொல்லுங்கக்கா என்றார்,
ஒரு தரமாவது யாராச்சும் துரத்தினாங்களா?
இல்லை.
நல்லா யோசிச்சுப் பாருங்க.
இல்லையே தம்பி.
வருத்தப்பட்டார், எனக்காக.

சேப்பாக்கத்தில் இரண்டாம் மாடி.
மின்விசிறிக்கு நேர் கீழே அதிகாரி,
பறக்காமலிருக்க என் கோப்பின்மேல் அவருடைய கண்ணாடிக் கூடு.
பதினோரு வருஷமா எப்படிம்மா ஒண்ணும் ஆகலை?
யாருக்கும் தெரியாது சார்.
அப்ப துப்பாக்கி எதுக்கு?

கோப்பைப் பார்த்தேன்.
ஓரத்தில் பச்சை மை, நீல மை, சிவப்பு,
எண்ணிக்கொண்டே வந்தேன், பதினான்கு சுருக்கொப்பம்.
ஒவ்வொரு ஒப்பத்துக்கும் ஒரு வாய்,
ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மச்சான்.

தெரியாமத்தான் இருந்தது சார்,
உங்ககிட்ட வர்ற வரைக்கும்.

அவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.
தண்ணி குடிக்கிறீங்களா என்றார்.

மூன்று வாரம் கழித்துப் பதிவுத் தபால்.
தெருமுனையிலிருந்தே தபால்காரர் கேட்டார்,
என்னக்கா, துப்பாக்கி வந்துடுச்சா?
இஸ்திரிப் பெட்டி பாதி சட்டையில் நின்றது.
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
உறையைப் பிரிக்கவில்லை.
உள்ளே எது இருந்தாலும் மணி பத்தரை,
சேட்டு காத்திருப்பார்.

கேரியரின் நாலு அடுக்கிலும் அன்று சாப்பாடுதான்.
வழக்கமான வழியில் போகவில்லை.
தங்கம் எங்கே இருந்தது என்பதை
இதிலும் நான் எழுதுவதாக இல்லை.