வரவு

நோட்டு வாங்கியது செக்காலை ரோட்டில்,
முப்பத்தைந்து ரூபாய்.
அதுவே எங்கள் முதல் செலவு.
பி.காம் படிக்கிற குற்றத்துக்காகக்
கணக்கு என் தலையில்.

"மேலே உ போடு, நிஷா" என்றாள் சிகப்பி.
அவள் வீட்டில் பால் கணக்குக்கும் உ உண்டு.
அருளானந்து சிலுவை கேட்டான், சின்னதாக, ஓரத்தில்.
எனக்கு 786 விரல் நுனிவரை வந்து நின்றது.
"கொசுவலைக்கு எதுக்குக் காப்பு" என்று
போண்டாவைப் பிட்டான் சோலைமலை.
சண்டை இல்லை.
டீ ஆறிப்போகிற மௌனம் மட்டும்.
மேல்வரியைக் காலியாக விட்டுத்
தேதியை எழுதினேன்.
பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல
இன்றும் அந்த வரிக்குப் போய்வருகிறது என் கண்.

மலாவி என்று ஒரு நாடு.
நாங்கள் யாரும் பார்த்ததில்லை.
அட்லஸில் நீளமாக, நீலமாக ஓர் ஏரி.
அதன் கரையில் கொசு கடித்துச் சாகிறார்கள் பிள்ளைகள்.
வலை ஒன்று இருநூறு ரூபாய்.
இருநூறு என்றால்
காயலான் கடையில் பதினேழு கிலோ பழைய பேப்பர்.
பதினேழு கிலோ என்றால்
கானாடுகாத்தானில் பூட்டிய வீடொன்றின் வாட்ச்மேன்
மனசு வைத்தால் ஒரு மத்தியானம்.

மகமை என்றாள் அவள். ஜகாத் என்றேன் நான்.
தசமபாகம் என்றான் அருளானந்து.
"எங்க ஐயனாருக்குக் கிடா வெட்டினா
வர்ற ஆளுக்கெல்லாம் சோறு,
அதுக்குப் பேரெல்லாம் கிடையாது."
காயலான் கடைக்காரர்
எந்த வார்த்தைக்கும் எடை கூட்டிப் போடவில்லை.

ஐப்பசியில் பதினொரு வலைக்குச் சேர்ந்தது.
கிழிந்த சாக்குகள் கிடைக்குமென்று
புதுவயல் அரிசி மில்லுக்குப் போனோம்.
பின்னால், தகரக் கொட்டகையில்,
உமிக் குவியலுக்கும் தேங்கிய மழைக்கும் நடுவே
சாக்கைப் போர்த்தி நடுங்கிக்கொண்டிருந்தது
சுக்ரியின் மகள்.
ராயகடாவிலிருந்து ரயிலில் வந்தவர்கள்.
"காய்ச்சலும் கூடவே வந்திருக்கு,
டிக்கெட் எடுக்காம" என்றார் நர்ஸ்.

"அந்தக் காசில் இங்கே வாங்குவோம்."
"வாக்குக் கொடுத்தாச்சு சிகப்பி. அங்கே காத்திருப்பாங்க."
"இது காத்திருக்கலையா?"
சாமி பிரிக்காத எங்களைக்
கிலோமீட்டர் பிரித்தது.
மூன்று நாள் குரூப்பில்
ஒரு குட் மார்னிங்கூட இல்லை.

நான்காம் நாள் சோலைமலை வந்தான்,
தோலுரிந்த தோளோடு, ஐந்து வலையோடு.
மூன்று ராத்திரி மில்லில் மூட்டை தூக்கியிருக்கிறான்.
அருளானந்து ஒன்றும் பேசாமல் சுத்தியலை எடுத்தான்.
தகரத்தில் ஆணி நிற்கவில்லை.
மரச்சட்டம் தேடி, கயிறு போதாமல்
என் துப்பட்டாவைக் கிழித்து முடிச்சுப் போட்டோம்.

உண்டியலில் ஒட்டியிருந்த ஏரிப் படத்தைப் பார்த்துச்
சுக்ரி இரண்டு விரலைக் கொசுவாக்கிப் பறக்கவிட்டுக்
கேட்டாள்: அங்கேயுமா?
தலையாட்டினோம்.
முந்தானை முடிச்சை அவிழ்த்து
இருபது ரூபாய் போட்டாள்.
தடுத்த சிகப்பியின் கையை
ஈயை விலக்குவதுபோல விலக்கினாள்.

தவிட்டு வாசனை அடிக்கும் தாள்.
பற்றுப் பக்கத்தில் வலை வாங்கியவள்
வரவுப் பக்கத்திலும் வந்து உட்கார்ந்தால்
என்ன செய்வதென்று எங்கள் பாடத்தில் இல்லை.
எழுதினேன்: சுக்ரி, 20.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில்
சோலைமலை மெதுவாகச் சொன்னான்:
"அதே மூட்டை. எனக்கு எட்டு ரூபாய்.
அவங்களுக்கு அஞ்சு."

பஸ் வந்தது. யாரும் ஏறவில்லை.

நாளை காலை மில் ஆபீசுக்குப் போகிறோம், நான்கு பேரும்.
நோட்டை மறக்காமல் எடுத்துவரச் சொன்னாள் சிகப்பி.
மில்
அவள் சித்தப்பாவுடையது.